நூற்றைம்பது கிராம்

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட ஆலோசனைக்கும் சரியான தூக்கமில்லாத ஒரு வாரத்துக்கும் பிறகு, என் பல் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டிவிடுவது என்று நேற்று முடிவெடுத்தேன். இன்று காலை அது நிறைவேறியது. சைக்கிள் கடைக்காரரிடம் ரம்பத்தை இரவல் வாங்கி, அவர் முன்னிலையிலேயே காரியத்தை முடித்தேன். மிச்சம் ஒன்பது கிராம்.

மலையில் ஒவ்வொரு கிராமும் ஆளைப் பின்னால் இழுக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். எடை அளவு ஆய்வாளனாக இத்தனை காலம் கடை கடையாகத் தராசுக்கு முத்திரை குத்தியவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுவலகத்தில் எனக்குக் 'கிராம்' என்று பெயர் வைத்தது வீணாகவில்லை. கடைக்காரருக்குத்தான் மரியாதை போதாது. "காலைல ஒருதடவ வெளிக்கிப் போயிட்டு வந்தீங்கன்னா இதவிட ஜாஸ்தி குறையுமே சார்" என்றார்.

மேப்பின் ஓரங்களையும் கத்தரித்தேன். கடந்து வந்த பாதையைச் சுமப்பானேன்? ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் அந்தத் துண்டை வெட்டி உனக்கு அனுப்பிவிடுகிறேன். உனக்குப் பொழுது போகும், எனக்குப் பாரம் குறையும். நீ எழுதுவதை வழியிலுள்ள அஞ்சலகங்களில் வாங்கிக்கொள்வேன், முகவரிகள் பின்பக்கம்.

இன்னொன்று. பரிசோதனையில் என்னுடையது உனக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த கையோடு நான் கிளம்பியதை அலுவலகத்தில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்களாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது எப்போதோ யோசித்து வைத்த பயணம். கேட்பவர்களிடம் அப்படியே சொல்லிவிடு. மற்றதை வந்து பேசிக்கொள்வோம்.

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி

---

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். இந்த இடத்தில் இந்தச் சொல் வர வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைப்பவளுக்கு அதுகூடத் தெரியாதா?

உன் கடிதத்தில் பிழை ஒன்றுமில்லை, ஒரு விடுபாட்டைத் தவிர. 'பரிசோதனையில் என்னுடையது' என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பின்னால் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. பென்சிலால் குறி போட்டு வைத்திருக்கிறேன். வந்து நிரப்பிக்கொள். அவசரமில்லை.

வாரத்தில் மூன்று காலை அத்தான் என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, லிப்ட் பழுதுபார்க்கப் போகிறார். டயாலிசிஸ் அறையில் ஆறு நாற்காலி, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலோர நாற்காலி ஒரு பழைய பஸ் கண்டக்டருடையது. "வேல பாத்த காலம் பூரா நின்னுக்கிட்டே போனேம்மா. இப்பதான் ஜன்னல் சீட்டு கெடச்சிருக்கு. உசுரு இருக்கறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்கிறார். என் இரத்தம் குழாயில் வெளியே போய், மெஷினில் குளித்து, குழாயில் திரும்பி வருகிறது. அதுவும் உன்னைப் போலச் சுற்றுப்பயணம்தான். திரும்பி வந்துவிடுகிறது என்பதுதான் வித்தியாசம்.

டாக்டர் கேட்டார்: "உங்க தம்பி கிட்னி பொருந்துதுன்னு சொல்லி எவ்ளோ நாளாச்சு? ஆள் எங்கம்மா?"

"சைக்கிள் ஓட்டப் போயிருக்கான்."

"எப்ப வருவாரு?"

"மலை முடிஞ்சதும்."

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். நல்ல மனிதர், எழுத்துதான் மோசம்.

குளிரில் காதைக் கட்டிக்கொள். சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் பிடிக்கும்.

அன்புடன், அக்கா

---

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

காதைக் கட்டிக்கொண்டேன். உன் உடம்பும் நன்றாகத் தேறிவரும் என்று நம்புகிறேன்.

முதல் கணவாயைக் கடந்தேன். கடைசி வளைவுகளில் ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். ஓட்டினால் நாய்கள் துரத்துகின்றன, தள்ளினால் அவை கூடவே நடந்து வருகின்றன; எது அதிக அவமானம் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. எதிர்க்காற்று எப்போதும் எனக்கு எதிராகவே அடிக்கிறது. வளைவு திரும்பினால் அதுவும் திரும்புகிறது. அரசு ஊழியனை அடையாளம் கண்டுகொண்ட காற்று.

ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "தனியாவா?" என்றார்.

"ஆமா."

"வீட்ல சண்டையா?"

"இல்ல."

"அப்ப யாருக்கோ எதையோ குடுக்க வேண்டியிருக்கு. கடன்காரன்தான் இந்த ரோட்டுல தனியா வருவான்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பாதி ரொட்டி கொடுத்துவிட்டுப் போனார். அறிவில்லாத மனிதர்.

பனி உருகி ஓடும் ஓடை ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே போகிறது. மாடு மாதிரிக் குனிந்து, வயிறு முட்டக் குடித்தேன். நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தேன்.

முதல் மேப் துண்டு இத்துடன் இருக்கிறது. இரண்டாவது ஸ்பூனையும் ஒரு ஜோடிக் காலுறையையும் ஒரு சாலைப் பணியாளருக்குக் கொடுத்துவிட்டேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

---

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ இளைத்திருப்பாய். ரொட்டி கொடுப்பவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்லாதே.

தண்ணீர் குடித்த வரியைப் பலமுறை படித்தேன். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. அத்தான் என் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார். குழாய்ச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. அந்த ஓடைத் தண்ணீர் பல்லில் கூசியதா, மண்வாசனை இருந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுது. விவரமாக எழுது.

ஒரு நல்ல செய்தி: ஜன்னலோர நாற்காலி எனக்குக் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கண்டக்டர் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை நர்ஸ், "நீங்க அங்க உக்காந்துக்கோங்கக்கா" என்றாள். அவர் எங்கே என்று நாங்கள் ஐந்து பேரும் கேட்கவில்லை. இத்தனை நாள் அந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். ஒரு சுவர்.

கையில் ஊசி போட வைத்திருந்த இணைப்பு அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். கழுத்தில் வேறு எதுவும் போட இடமில்லாததால் அத்தானுக்கு ஒரு செலவு குறைந்தது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. லிப்ட் வேலைக்காரர்களுக்கு எல்லாம் மெதுவாகத்தான் மேலே ஏறும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர்: பல் கூசியது. மண்வாசனை இல்லை. சின்ன வயதில் சிலேட்டை நக்கி அழித்தோமே, அந்த ருசி. இவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

உயரம் கூடக்கூடத் தலைவலி. பின் சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்தது, கட்டிவிட்டேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம் இல்லை, ஒரு ஆள் இல்லை. கல்லும் ரோடும் நானும்தான். என்னைத் தவிர மற்ற இரண்டும் இங்கே இருப்பதற்குத் தகுந்த காரணம் வைத்திருக்கின்றன.

அடுப்பைக் கொடுத்துவிட்டேன். அடுப்பு இல்லாதபோது பாத்திரம் எதற்கு, அதையும் கொடுத்துவிட்டேன். அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த சின்ன வில் தராசு மட்டும் கையில் இருக்கிறது. அதுவும் பாரம்தான். ஆனால் தராசை எறிந்துவிட்டால் எவ்வளவு பாரம் குறைந்தது என்று எப்படித் தெரியும்?

பரிசோதனைக்கு வந்த அன்று டாக்டரிடம் தனியாக ஒன்று கேட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. அது எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டேன். "நூத்தம்பது கிராம் இருக்கும். ஏன் சார்?" என்றார். பெரிய தக்காளி ஒன்றின் எடை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து நான் வழியில் விட்டெறிந்தது நாலு கிலோவுக்கு மேல். கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து, நான் இல்லாத நேரத்தில் என்னைத் திறப்பார்கள் என்பதுதான். மற்றபடி ஒன்றுமில்லை. கோழை என்றால் இந்த உயரத்துக்குத் தனியாக வருவானா? அலுவலகத்தில் கேட்டால் இதைச் சொல்.

நீ நலம் என்று எழுதியதைப் படித்துத்தான் நிம்மதியாக இருக்கிறேன்.

தம்பி

---

ஆகஸ்ட் 18

மைத்துனருக்கு,

நலம் விசாரித்து எழுதுவதெல்லாம் உங்கள் அக்காவுக்குத்தான் வரும். லிப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது "பயப்படாதீங்க, காத்து வரும்" என்பது. வீட்டில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கழுத்துக் குழாயில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது. இறங்கியிருக்கிறது. மறுபடி வருவதற்குள் கிட்னியை மாற்றிவிட வேண்டும் என்கிறார் டாக்டர். என்னுடையது பொருந்தவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பொருந்தியிருந்தால் உங்களுக்கு இந்தத் தொந்தரவே இல்லை.

அவள் உங்களைக் கேட்கமாட்டாள். நான் கேட்கிறேன். வாருங்கள். விருப்பமில்லை என்றால் அதையாவது எழுதுங்கள். வேறு வழி பார்க்கிறோம். வேறு வழி இல்லை, இருந்தாலும் பார்க்கிறோம்.

இதை எழுதியது அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு, அத்தான்

---

ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எழுத்து சாய்ந்திருந்தால் அது தலையணையின் குற்றம்.

அத்தான் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறார். பேனாவை மூடாமல், விரலில் மையோடு வந்து, "நான் ஒண்ணும் பண்ணல" என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. அவர் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பாவம், அவருக்குப் பயந்த சுபாவம். எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை. எடுத்த காரியத்தை முடித்துவிட்டு வா.

நீ அனுப்பிய மேப் துண்டுகளைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். அச்சகத்துப் பசை, பிய்த்தால் சுவரும் சேர்ந்துதான் வரும். படுத்துக்கொண்டே நீ போன வழியில் போய்வருகிறேன். எனக்கு எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் காற்றுதான். இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு பாதை பிரிகிறதே, அது எங்கே போகிறது? நீ அதைக் கவனித்திருக்கமாட்டாய். முன்னால் பார்த்துத்தானே ஓட்டியிருப்பாய்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

---

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மிக உயரமான கணவாய்க்கு அடியில் இருக்கும் கடைசி அஞ்சலகத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எதை முதலில் படிப்பது என்று தெரியவில்லை. "கனமானத முதல்ல படிங்க" என்றார் தபால்காரர். தராசில் வைத்தேன். உன்னுடையதுதான் கனம். படித்தேன். சந்தோஷமாக ஒரு டீ சாப்பிட்டேன். அதன் பிறகு அத்தானுடையதைப் படித்தேன்.

வருகிறேன், அக்கா. டாக்டரிடம் சொல்லி நாள் குறிக்கச் சொல்.

உடனே திரும்பத்தான் பார்த்தேன். நான் ஏறி வந்த ரோட்டில் மூன்று வளைவுகள் மண் சரிந்து ஆற்றோடு போய்விட்டன. தொலைபேசிக் கம்பியும் கூடவே போயிற்று.

"ரோடு எப்ப சரியாகும்?" என்று தபால்காரரைக் கேட்டேன்.

"அடுத்த வருஷம்னு போன வருஷமும் சொன்னாங்க."

"வேற வழியே இல்லையா?"

"பழைய கழுதப் பாத ஒண்ணு இருக்கு. பாலத்துக்கிட்ட போய்ச் சேரும். நடுவுல நாலஞ்சு எடத்துல பிரியும், தப்பா போனா பள்ளம்தான். மேப்புல சரியா போட்டிருக்கும். மேப்பு வச்சிருக்கீங்கல்ல?"

என் மேப் இந்த ஊரிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே முன்னால் போவதுதான் திரும்பி வரும் வழி. கணவாய்க்கு அந்தப் பக்கம் பஸ் இருக்கிறது. பனி மூடுவதற்கு முன் கடைசித் தபால் இன்று குதிரையில் போகிறது, இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது. குதிரைக்காரர் என்னையும் கூப்பிட்டார். "சைக்கிள விட்டுட்டு ஏறுங்க. ரெண்டையும் குதிர தூக்காது" என்றார். சைக்கிளை இங்கே விட்டால் யார் வந்து எடுப்பது? பின் சக்கரத்தில் மூன்று கம்பிகள் உடைந்திருக்கின்றன. அவற்றைக் கட்டிவிட்டு நாளை மறுநாள் கிளம்புகிறேன். இறக்கத்தில் குதிரையைப் பிடித்துவிடுவேன்.

காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

---

செப்டம்பர் 27

தம்பி,

கணவாய்க்கு அந்தப் பக்கத்து அஞ்சலகத்துக்கு எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார். எழுத்துப்பிழைகள் அவருடையவை, இந்த முறை திருத்தப்போவதில்லை.

புள்ளிப் பாதை எங்கே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கடைசி ஊருக்கு வெளியே இடது கைப்பக்கம் இறங்கி, இரண்டு முறை ஓடையைத் தாண்டி, பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் சேருகிறது. அங்கிருந்து ஒரே இறக்கம். என் விரல் நேற்று அந்த வழியாக வீடு வந்து சேர்ந்தது. உனக்கு இது இனிமேல் பயன்படாது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தொழில் தோஷம்.

குதிரைக்காரர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

உன் முதல் கடிதத்தில் குறி போட்டு வைத்திருந்தேனே, அந்த இடத்தை நானே நிரப்பிவிட்டேன். நீ நிரப்புவாய் என்று காத்திருந்தது என் கௌரவம். அதற்கும் எடை உண்டு போலிருக்கிறது. தம்பி, உன் சிறுநீரகம் ஒன்று எனக்கு வேண்டும். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசை. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க ஆசை.

கேட்டுவிட்டேன். கேட்பது இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால் மே மாதமே கேட்டிருப்பேன்.

நலம் என்று எழுத வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். நீ நலமா?

அக்கா

---

அக்டோபர் 17

அக்கா,

வந்துகொண்டிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பி கட்டி முடிக்கவும் பனி பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. எல்லோரும் தடுத்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை, ஏறிவிட்டேன். ஏற ஏறக் கூடாரத்தை விட்டேன், பையை விட்டேன், தராசை விட்டேன். இனிமேல் எதன் எடையும் எனக்குத் தெரியாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். உச்சியில், ஒரு கல்லில் சாய்த்து, அதையும் விட்டேன். விழக்கூடாது என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்காதே.

இறக்கத்தில் ரோடு போடுகிறவர்கள் என்னைக் கண்டெடுத்து இந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் கருத்துவிட்டன. எடுத்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள், அக்கா. எண்ணச் சொன்னார்கள். ஐந்து வரைகூடப் போகவில்லை. விழித்தால் வேலை முடிந்திருந்தது. அவ்வளவுதான். இதற்காகவா நான்...

விழித்ததும், "டாக்டர், கிட்னி ரெண்டும் நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"கால்லதானே ஆபரேஷன்? கிட்னிய யாரு கேட்டா?" என்றார்.

"எங்கக்கா கேட்டிருக்கா" என்றேன். உன் கடிதத்தைக் காட்டினேன். இங்குள்ள அஞ்சலகத்திலிருந்து அதை வாங்கி வந்து கொடுத்தவர் நர்ஸ். டாக்டர் அதைப் படித்துவிட்டு, கையோடு இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார். இரண்டும் முதல் தரமாம். எழுத்தில், முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறேன். முத்திரை இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

இங்கே தொலைபேசி இல்லை. புண் ஆறாமல் விடமாட்டேன் என்கிறார்கள். மாதக் கடைசி பஸ்ஸில் வருகிறேன். நின்றுகொண்டு வர முடியாது. ஜன்னல் சீட் கேட்டிருக்கிறேன்.

சிறுநீரகம். எழுதிவிட்டேன், பார். நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.

தம்பி

---

நவம்பர் 2

மைத்துனருக்கு,

நீங்கள் வந்து சேரும் நேரம் நான் வேலையில் இருப்பேன். அதனால் இதை உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போகிறேன். முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கால் எப்படி இருக்கிறது? கட்டை நனையவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை சத்தமாகப் படித்தேன். ஒருவர் எழுதினால் படித்துக் காட்டுவதுதானே முறை.

மேப்பை உங்களிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று சுவரிலிருந்து எடுக்கப் பார்த்தேன். சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டேன். வேண்டும் என்றால் வந்து பார்த்துக்கொள்ளலாம். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

சாப்பிட எதுவும் இல்லையென்றால் எங்கள் வீட்டு அடுப்பில் சோறு இருக்கிறது. தண்ணீர் குடத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் தலையணையை வாங்கி வந்துவிட்டேன். ஜன்னலோர நாற்காலியில் போன வாரத்திலிருந்து ஒரு தையற்காரர் உட்காருகிறார்.